வெள்ளத்துக்கு யார் பொறுப்பு, செலவு யார் தலையில்? மனு எழுதுகிறவனிடம் கேட்கப்படும் கேள்விகள்

திங்கட்கிழமைதோறும் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து மனு எழுதித் தருவது என் தொழில். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வழித்தகராறு என்று வருடம் முழுவதும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு வரும் நான்கைந்து திங்கட்கிழமைகளில் மட்டும் எல்லாம் வெள்ள மனுவாகிவிடும். கேட்கிற கேள்விகளும் அவையேதான். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதிவைக்கிறேன். இதில் வரும் உதவித்தொகைகள் 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் நெறிமுறைப்படி உள்ளவை. கருத்துகள் என்னுடையவை, அவற்றுக்கு அரசாணை எண் கிடையாது.

வீடு மூழ்கிவிட்டது. அரசு எவ்வளவு இழப்பீடு தரும்?

இழப்பீடு தராது. நிவாரணம் தரும்.

இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். இழப்பீடு என்பது, தவறு செய்தவன் இழந்தவனுக்கு இழந்த அளவுக்குக் கொடுப்பது. நிவாரணம் என்பது, யார் மேலும் தவறில்லை, நீ கஷ்டத்தில் இருக்கிறாய், இதை வைத்துக்கொள் என்பது. உயிர் போனால் 4 லட்சம் ரூபாய். முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. நாட்டுக்கோழி விலை தெரிந்தவர்கள் சிரிக்க வேண்டாம். மாநில அரசு விரும்பினால் தன் கைப்பணத்தில் கூட்டித் தரலாம். சில சமயம் தருகிறது.

வீடு இடியாமல் தண்ணீர் மட்டும் புகுந்தால், துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. ஆனால் ஒரு நிபந்தனை: தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நின்றிருக்க வேண்டும். அம்மாபேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு நெசவாளி அம்மாள் வந்திருந்தார். வீட்டில் குழித்தறி. வெண்பட்டு வேட்டிக்குப் பாவு ஏற்றியிருந்த நேரத்தில் ஞாயிறு இரவு தண்ணீர் வந்தது. திங்கள் மாலைக்குள் தரையிலிருந்து வடிந்துவிட்டது. மிதிப்பலகை இருக்கும் குழியில் மட்டும் வியாழன்வரை நின்றது. சொம்பால் மோந்து வாளியில் ஊற்றியிருக்கிறார். "வீட்டில் இரண்டு நாள் நிற்கவில்லையே அம்மா" என்று கணக்கெடுக்க வந்தவர் சொல்லிவிட்டார். "குழி வீட்டுக்குள்தானே ஐயா இருக்கிறது?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். வெண்பட்டில் செம்மண் கறை ஒரு கோடாக ஓடியிருந்தது. பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கைவினைஞர்களுக்குக் கருவி சேதத்துக்கு 5,000, மூலப்பொருள் சேதத்துக்கு 5,000 என்று தனி இனம் இருக்கிறது. துணிமணி, பாத்திரத்தை விட்டுவிட்டு அந்த இனத்தில் மனு எழுதினேன். நெசவாளர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் யாரும் எடுத்துத் தருவதில்லை.

மழை பெய்தது இயற்கை. இதில் யாரைக் குறை சொல்ல முடியும்?

மழையைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் போன வழியைச் சொல்லலாம்.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்கு நடுவே வந்து, நாமக்கல் பக்கம் காவிரியில் சேர்கிறது. ஊருக்குள் அதைப் பார்த்தால் ஆறு என்று வெளியூர்க்காரர் நம்ப மாட்டார். மலையில் அரை நாள் கொட்டினால் மட்டும் அதற்குத் தன் பழைய அகலம் ஞாபகம் வரும். அந்த அகலத்துக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள், யார் அனுமதி கொடுத்தார்கள், தூர் வாரியதாக எழுதப்பட்ட வருடங்களில் உண்மையில் வாரினார்களா என்பதெல்லாம் இயற்கையின் கணக்கில் வராது.

மத்திய அரசின் 2022-26 நெறிமுறைப் பட்டியலில் 12 பேரிடர்கள் இருந்தன: புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிரலையும். நம் ஊரில் ஆளைச் சுருட்டுகிற வெயில் அதில் இடம்பெறவில்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில்தான் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மாநிலம் தன் பேரிடர் நிதியில் 10 சதவீதம்வரை இப்படிப்பட்டவற்றுக்குச் செலவிடலாம். பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே உங்கள் துயரம் பேரிடராகிறது.

மத்திய அரசு தரவில்லை என்கிறது மாநிலம். தந்துவிட்டோம் என்கிறது மத்திய அரசு. யார் பொய் சொல்கிறார்கள்?

இரண்டு பேரும் தங்களுக்கு வசதியான எண்ணைச் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் பை, மாநிலப் பேரிடர் நிதி. இதில் மத்திய அரசு 75 சதவீதம், மாநிலம் 25 சதவீதம் போட வேண்டும் (இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் 90க்கு 10). வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் நிதிக்குழு சொன்னபடி வருடாவருடம் வர வேண்டிய பணம் இது. இரண்டாவது பை, தேசியப் பேரிடர் நிதி. முதல் பை போதாதபோது மத்திய அரசு முழுவதும் தன் பணத்தில் தருவது. அதற்கு மாநிலம் அறிக்கை அனுப்ப வேண்டும். மத்தியக் குழு வந்து பார்க்கும். உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு முடிவு செய்யும். மாநிலத்தின் பையில் ஏற்கெனவே இருக்கும் கையிருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, உள்மாவட்டங்களைத் துவைத்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. மத்திய அரசு டிசம்பர் 6 அன்று 944.80 கோடி ரூபாயை விடுவித்தது. "புயலுக்குப் பணம் தந்தோம்" என்றார்கள். அது முதல் பையின் வருடாந்தரப் பங்கு. "எங்களுக்கு வர வேண்டியதைத்தானே தந்தீர்கள்" என்றது மாநிலம். இரண்டும் சரி. மாநிலம் கேட்டது 6,675 கோடி. இரண்டாவது பையிலிருந்து 2025 ஏப்ரலில் ஒப்புதலானது 522.34 கோடி.

இது டெல்லியில் பாஜக, இங்கே திமுக என்ற இரண்டு கட்சிகளுக்கு இடையிலான பகை மட்டுமா? பழைய கணக்கையும் பாருங்கள். 2016-17 வறட்சிக்குத் தமிழகம் கேட்டது 39,565 கோடி, ஒப்புதல் 1,748.28 கோடி. 2018 கஜா புயலுக்குக் கேட்டது சுமார் 15,000 கோடி, ஒப்புதல் 1,146.12 கோடி. அப்போது இங்கே ஆண்டவர்கள் டெல்லிக்கு எதிரிகள் அல்லர். 2023 டிசம்பரில் சென்னை, தென்மாவட்ட வெள்ளங்களுக்குச் சேர்த்துக் கேட்டது சுமார் 37,907 கோடி. ஒப்புதல் சுமார் 682 கோடி. கையிருப்பைக் கழித்த பிறகு கைக்கு வந்தது சுமார் 276 கோடி. அந்த முறை விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. எந்த ஆட்சியானாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

என் தொழில் புத்தியில் சொன்னால், மாநில அரசு டெல்லிக்கு அனுப்புவதும் ஒரு மனுதான். உடைந்த பாலத்தை இனி உடையாதபடி கட்டுவதற்கான செலவையும் அதில் எழுதுகிறார்கள். வாசிப்பவரோ நெறிமுறைப் புத்தகத்தைத் திறந்து, தற்காலிகச் சீரமைப்புக்கு மட்டும் கணக்குப் போடுகிறார். தறிக்குழித் தண்ணீரை வீட்டுத் தண்ணீராகக் கணக்கிட மறுத்த அதே புத்தகத்தின் பெரிய பிரதி அது. நெசவாளி அம்மாளுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் நடப்பது, மாநிலத்துக்கு டெல்லியில் நடக்கிறது. வேற்றுமை ஒன்றுதான்: மாநிலத்துக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு நடத்த வழி இருக்கிறது.

சண்டை முழுவதும் தருவதைப் பற்றியே நடப்பதில் இரு தரப்புக்கும் ஒரு நிம்மதி உண்டு என்பது என் சந்தேகம். யார் தரவில்லை என்று பேசும்வரை, யாரால் நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

தேசியப் பேரிடர் என்று அறிவித்துவிட்டால் முழுச் செலவையும் டெல்லி ஏற்குமே?

அப்படி அறிவிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. 'கடுமையான பேரிடர்' என்று வகைப்படுத்துவது மட்டும் உண்டு. 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவில் ஊர்களே புதைந்துபோன வயநாட்டுக்கு, அந்த வகைப்பாடு கிடைக்க டிசம்பர் ஆனது. பிறகு புனரமைப்புக்கென்று கிடைத்த 529.50 கோடியும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன்.

அந்தக் காலத்தில் இப்படி அரசுக்கும் அரசுக்கும் சண்டை இல்லையே?

பாட்டி சொன்ன தாது வருடப் பஞ்சத்தை நினைவிருக்கிறதா? 1876இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் சேலம் மாவட்டம் பெரிதும் அடிபட்டவற்றில் ஒன்று. சென்னையில் ஆளுநர் பக்கிங்காம் கோமகன். கல்கத்தாவில் வைசிராய் லிட்டன். சென்னை அரசு தானாக 30,000 டன் தானியம் வாங்கியது. வியாபாரத்தில் அரசு தலையிடுவதா, செலவு யார் கணக்கில் என்று கல்கத்தா கண்டித்தது. சிக்கனம் பார்க்க சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். பஞ்ச வேலைக்குப் போனவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசுமாகக் குறைத்தார். இதில் மனிதன் உயிர் வாழ முடியாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிப் போராடினார். சில மாதம் கழித்துக் கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதற்குள் போன உயிர்கள் போனவைதான். 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. இன்றைய நெறிமுறைப் புத்தகத்துக்குப் பாட்டனார் அதுதான். சிக்கனமும் பரம்பரையாக வந்திருக்கிறது.

எச்சரிக்காமல் அணையைத் திறந்தார்கள். அதற்காவது இழப்பீடு கேட்கலாமா?

கேட்கலாம். கிடைப்பது வேறு கதை.

2015இல் செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பு. அப்போது அதிமுக ஆட்சி, திமுக குற்றம்சாட்டியது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அது மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்றே எழுதியிருந்தது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. அப்போது திமுக ஆட்சி. நம் எடப்பாடிக்காரர் பழனிசாமி எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். எச்சரிக்கை போதவில்லை என்றார் அவர். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. வசனம் அதேதான், வேடதாரிகள் இடம் மாறிக்கொண்டார்கள். விழுப்புரம் பக்கம் பார்வையிடப் போன அமைச்சர் மேல் சேறு விழுந்தது. ஆற்றங்கரைக் குடும்பத்துக்கு, தவறு நடந்தது என்ற அடிப்படையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. வந்தது எல்லாம் நிவாரணம்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 73, நல்லெண்ணத்தில் செய்த செயலுக்காக அதிகாரிகள் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. பிரிவு 71, இந்தச் சட்டத்தின்படி நடந்தவற்றில் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தவிர வேறு நீதிமன்றம் தலையிட முடியாது என்கிறது. நள்ளிரவில் மதகருகே நிற்கும் பொறியாளருக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான். அணை உடைந்துவிட்டால் இன்னும் கேடு. ஆனால் அதிகாரியைத் தண்டிப்பது வேறு, அரசு தன் பொறுப்பை ஏற்றுப் பணம் கொடுப்பது வேறு. திறந்த சாக்கடையில் விழுந்து இறந்தவர், அறுந்த மின்கம்பி பட்டு இறந்தவர் குடும்பங்களுக்கு உயர் நீதிமன்றங்கள் இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருக்கின்றன. அந்த வழி திறந்தே இருக்கிறது. அதற்கு என்னைப் போன்ற மனுக்காரன் போதாது, வழக்கறிஞர் வேண்டும்.

ஏற்காட்டு மலைக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பட்டா இல்லை. சுவர் சரிந்துவிட்டது. பணம் வருமா?

எனக்கு எழுதவே கை வராத மனு இதுதான். வீடு 'அனுமதிக்கப்பட்ட கட்டுமானம்' என்று உரிய அலுவலர் சான்று தர வேண்டும் என்பது நெறிமுறையில் உள்ள வரி. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பட்டா இல்லாத வீடுகள் நிறைய. பாட்டன் கட்டிய மண்சுவருக்கு யார் அனுமதி கொடுத்திருப்பார்கள்?

மேல் திருப்பத்தில் சரிவை வெட்டித் தடுப்புச்சுவர் எழுப்பிய விடுதிக்குக் காகிதம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் வடிகால் இல்லாமல் மண் ஊறிக் கீழே வந்து குடிசையில் விழுந்தால், குடிசைதான் அனுமதியற்றது. ஒரு பெரியவர், பழைய வீட்டு வரி ரசீதுகளை மஞ்சள் பையில் நாலாக மடித்துக் கொண்டுவந்தார். வரி வாங்கும்போது வீடாக இருந்தது நிவாரணத்தின்போது எப்படி ஆக்கிரமிப்பு ஆகும் என்று அதை வைத்தே எழுதினேன். நீங்களும் வரி ரசீது, மின் கட்டண அட்டை, குடும்ப அட்டை எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 61இன்படி நிவாரணத்தில் சாதி, பால், சமயம், வம்சம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது. அதையும் மனுவில் குறிப்பிடலாம்.

மலைப்பாதை மூடிக் கிடந்தால் கடைக்காரர்களுக்கு?

ஒன்றும் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே மண் சரிந்தாலும் அள்ளிப் போட்டுச் சாலையைத் திறக்கும் செலவு அரசுடையது. 2024 டிசம்பரில் பாதை அடைபட்டுக் குப்பனூர் வழியாகச் சுற்றிப்போன நாள்களில் விற்காமல் நின்ற பலாப்பழச் சுளைக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் எந்தப் பையிலும் இனம் கிடையாது.

காபி, மிளகு, மரவள்ளி?

33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் மட்டும். ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. அதிகபட்சம் 2 ஹெக்டேர். சாய்ந்த காபிச் செடியும் அதற்கு நிழல் தந்த சில்வர் ஓக் மரமும் மறுபடி வளர எத்தனை வருடம் என்று அந்தப் புத்தகம் கேட்காது. பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்ட வேண்டியது காரிஃப் எனும் மழைக்கால உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ரபி எனும் குளிர்காலப் பயிருக்கு 1.5, தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிருக்கு 5. மீதிப் பிரீமியத்தை இரு அரசுகளும் கட்டுகின்றன. 2020 முதல் சேருவது விருப்பம். கடைசித் தேதிக்கு முன்னால் போங்கள், மேகம் கறுத்த பிறகு அல்ல.

கார் மூழ்கிவிட்டது.

முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளமும் நிலச்சரிவும் அடக்கம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியில் சாவி போட்டுத் திருகிப் பார்க்காதீர்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டால் அது உங்கள் தவறு என்று கோரிக்கையைத் தட்டிவிடுவார்கள்.

ஃபெஞ்சலில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக் குடும்ப அட்டைகளுக்கு 2,000 ரூபாய் கொடுத்தார்கள். நமக்கு ஏன் இல்லை? ஓட்டுக் கணக்கா?

சேதம் அங்கேதான் அதிகம். அதை மறுக்க முடியாது. ஆனால் 2023இல் சென்னைக்கு 6,000, 2024இல் விழுப்புரத்துக்கு 2,000 என்றால், அளவுகோல் எது என்று கேட்பதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு.

ஓட்டுக் கணக்கு பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டது: வெள்ளத்துக்குப் பிறகு பணம் கொடுக்கும் ஆட்சிக்கு வாக்காளர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், வெள்ளத்துக்கு முன்னால் தடுப்புக்குச் செலவழிக்கும் ஆட்சிக்குப் போடுவதில்லை. முன்கூட்டிச் செலவழிக்கும் ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் சுமார் 15 டாலரைத் தடுக்கும் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். 2015 வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களில் தலைவர் படம் ஒட்டிய சர்ச்சை நினைவிருக்கும். தூர் வாரிய ஓடையில் படம் ஒட்ட முடியாது, தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஆக, பழியில் ஒரு பங்கு நமக்கும் உண்டு. இதைச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார், அதனால் நேரில் சொல்வதில்லை.

யாரோ சரிவில் வீடு கட்டியதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?

ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 2001 முதல் சிகரெட் முதலான புகையிலைப் பொருள்கள் மீது பேரிடர் நிதிக்கென்றே ஒரு தீர்வை இருக்கிறது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று புகைவிடுகிற அண்ணனும் வெள்ள நிவாரணத்துக்குக் கொடை தருகிறவர்தான். கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு, 2019 ஆகஸ்ட் முதல் இரண்டு ஆண்டு 1 சதவீதக் கூடுதல் வரி போட்டார்கள்.

தெரியாமல் பள்ளத்தில் குடியிருப்பவருக்காகவும், வேறு போக்கிடம் இல்லாமல் ஓடைக்கரையில் இருப்பவருக்காகவும் எல்லாரும் சேர்ந்து சுமக்கலாம் என்பது என் எண்ணம். தெரிந்தே, லாபத்துக்காகச் சரிவை வெட்டுகிறவரிடம் கட்டட அனுமதியின்போதே ஒரு வைப்புத்தொகை வாங்கி வைக்க வேண்டும். சரிந்தால் முதலில் அதிலிருந்து எடுக்கட்டும். அனுமதிக் கையெழுத்துப் போட்ட அலுவலகத்தின் பெயரும் அந்தக் கோப்பில் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 2025 திருத்தம், மாநகராட்சிகளுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறது. சேலமும் மாநகராட்சிதான்.

பொய்க்கணக்கு எழுதித் தருவீர்களா?

மாட்டேன். அதே சட்டத்தின் பிரிவு 52, பொய்க் கோரிக்கைக்கு இரண்டு ஆண்டுவரை சிறை.

மனுவில் 'கருணை கூர்ந்து' என்று போடலாமா?

போடச் சொல்லி எல்லாரும் கேட்கிறார்கள், நான் போடுவதில்லை. 2005இல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 12, குறைந்தபட்ச நிவாரணத்துக்கு வழிகாட்டு நெறிமுறை வகுக்க வேண்டும் என்றது. கோவிட் மரணங்களில் இந்தப் பிரிவை வைத்துத்தான் 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவித்தொகைக்கு நெறிமுறை வகுப்பது கடமை என்றது. 50,000 ரூபாய் வந்தது. 'சட்டப்படி எனக்குரியதை வழங்கக் கோருகிறேன்' என்று எழுதினால் போதும். பவ்வியத்துக்குத் தொகை கூடுவதில்லை.

எங்கள் தெருமுனைப் பாலத்தை ஒட்டி, ஓடைக்குள் யாரோ அஸ்திவாரம் போடுகிறார்கள். வெள்ளம் வருவதற்கு முன்பே மனு கொடுக்கலாமா?

ஆறு வருடத்தில் இந்தக் கேள்வியோடு வந்தவர் ஒருவர்தான். கொடுக்கலாம். ஓடைப் புறம்போக்கு என்றால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஏரி என்றால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். புல எண், புல வரைபட நகல், கிராம நில விவரங்கள் இருக்கும் அ-பதிவேட்டில் ஓடை என்று எழுதியிருக்கும் பக்கம், தேதி தெரியும் புகைப்படம் ஆகிய நான்கும் வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். அந்தப் பதவியையும் குறிப்பிட்டு முகவரி எழுதுவேன்.

வந்தவரோடு போய் அந்த இடத்தையும் பார்த்தேன். கம்பி கட்டி முடித்திருந்தார்கள். குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஊறி நின்றது. மோட்டார் வைத்துத் தெருவில் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.